ஆறில் மூன்று காலி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. சோம்பல் என்று நினைத்துவிடாதே. வலது கண்ணில் புரை எடுத்தார்கள், எழுத்து கலங்காமல் தெரிய இத்தனை நாள் பிடித்தது. சுடுதளத்துப் பக்கம் கொஞ்ச நாள் போகக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உனக்குப் பதில் எழுதுவதுதான் இப்போதைக்கு என் துப்பாக்கிப் பயிற்சி. பேத்தி பிறந்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உன் மூக்கு அவளுக்கு வராமல் இருக்கட்டும்.

சரி, தோட்டா விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சிக்கு மலிவான தோட்டா எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தாய். எங்கே என்பது அப்புறம். எந்தத் தோட்டா என்பதுதான் முதல் கேள்வி. உன்னுடையது .357 மேக்னம் ரிவால்வர். நீயோ பெட்டி பெட்டியாக மேக்னமே சுட்டுத் தள்ளிவிட்டு விலையைப் பார்த்துப் புலம்புகிறாய். தோட்டா உட்காரும் அதே சிலிண்டரில் .38 ஸ்பெஷல் தாராளமாகப் போட்டுச் சுடலாம். 1898இல் வந்த தோட்டா அது; வெடிமருந்து அடைக்கும் அதன் பித்தளைக் கூட்டைச் சுமார் 3 மில்லிமீட்டர் நீட்டித்தான் 1935 வாக்கில் மேக்னத்தை உண்டாக்கினார்கள். குண்டின் விட்டம் இரண்டுக்கும் ஒன்றே. நீளத்தைக் கூட்டியதற்குக் காரணம், அதிக அழுத்தமுள்ள மேக்னம் தவறிப்போய்ப் பழைய .38 ரிவால்வருக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதுதான். எனவே உன்னுடையதில் .38 போடலாம், .38 துப்பாக்கியில் மேக்னம் ஆகாது. வாங்கும்போது 'ஸ்பெஷல்' என்ற சொல் இருக்கிறதா என்று பார். .38 எஸ் அண்ட் டபிள்யூ என்று இன்னொன்று உண்டு. அது வேறு அளவு, வேறு தோட்டா.

.38இல் அழுத்தம் மேக்னத்தில் பாதிதான். உதைப்பு குறைவு, சத்தம் குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு. ஒரு தொல்லை மட்டும் உண்டு. குட்டைக் கூட்டை நிறையச் சுட்டால், சிலிண்டரில் தோட்டா நுழையும் அறையின் உள்ளே, கூட்டின் வாய் முடியும் இடத்தில், வளையமாகக் கரி படியும். அதைத் தேய்த்து எடுக்காமல் மறுபடி மேக்னம் போட்டால் உள்ளே போக முரண்டு பிடிக்கும், சுட்டபின் வெளியே வர இன்னும் முரண்டு பிடிக்கும். பித்தளைத் தூரிகையால் நன்றாகத் தேய்த்தால் போதும்.

.38இலும் எதை வாங்குவது? 158 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) ஈயக் குண்டு போட்டதை வாங்கு, தாளில் ஓட்டை போட அது போதும். கிடைத்தால் 148 கிரெய்ன் வாட்கட்டர் என்ற தட்டைக் குண்டு. அது குண்டு மாதிரியே இருக்காது. கூட்டின் வாயோடு வாயாகத் தட்டையாக உட்கார்ந்திருக்கும். முதன்முதலில் பார்த்தபோது குண்டு வைக்க மறந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். காகித அட்டையில் பஞ்சிங் மெஷினால் குத்தியது போல வட்டமாக வெட்டும், புள்ளி வட்டத்தின் கோட்டைத் தொட்டதா இல்லையா என்று சண்டை போட வேண்டியதில்லை. செம்பு உறை, அகலமாக விரியும் முனை எல்லாம் பயிற்சிக்கு வீண் செலவு. விலையைப் பெட்டிக்குப் பார்க்காதே, ஒரு தோட்டாவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார். உரிமத்தில் எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறதோ அதற்குள் மொத்தமாக வாங்கு. ஈரமும் சூடும் படாமல் வைத்தால் வருடக்கணக்கில் கெடாது.

எஃகுக் கூட்டுத் தோட்டா மலிவு என்று யாராவது தூண்டினால் யோசித்து வாங்கு. எஃகு பித்தளை போல இளகி மீளாது. அறையைப் பிடித்துக்கொண்டு சில சமயம் வெளியே வராது. நான் ஒரு முறை வாங்கி, ஆறு கூட்டையும் எடுக்க, அவற்றை வெளியே தள்ளும் தண்டை உள்ளங்கையால் அறைந்து அறைந்து இரண்டு நாள் கை வலியோடு திரிந்தேன்.

இன்னொன்றைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். பழக்கப்பட்ட ஒருவர், வீட்டில் தானே நிரப்பியது என்று ஒரு பை நிறையப் பாதி விலைக்குக் கொடுத்தார். முதல் பத்து நன்றாகத்தான் போனது. பதினொன்றாவது 'டப்' என்றது. வெடிச் சத்தம் இல்லை, உதைப்பு இல்லை, அட்டையில் ஓட்டையும் இல்லை. விரல் அடுத்த இழுப்புக்குப் போய்விட்டது, பக்கத்தில் நின்றவர் "நிறுத்து!" என்று கத்தியிராவிட்டால் இழுத்திருப்பேன். துப்பாக்கி முனையை இலக்குப் பக்கமே வைத்திருந்து, காலி செய்து, குழலில் கம்பியை விட்டுப் பார்த்தால் குண்டு நடுவழியில் நிற்கிறது. மருந்து விழாமல் போன தோட்டா. கூட்டின் அடியில் இருக்கும் பிரைமர் என்ற சிறு வெடிப்பொட்டு மட்டும் அதை அவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது. அதன் முதுகில் இன்னொரு குண்டு போயிருந்தால் குழல் என்ன ஆகியிருக்கும், என் விரல்கள் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

.38 கூடு பழைய கரிமருந்துக் காலத்து அளவில் செய்தது. பயிற்சித் தோட்டாவுக்குப் போடும் இன்றைய மருந்து பெரும்பாலும் அதற்குள் பாதிகூட நிரம்பாது. இரண்டு தடவை ஊற்றினாலும் வழியாது, ஊற்றாவிட்டாலும் வெளியே தெரியாது. அதனால் அடுத்தவர் நிரப்பியதைத் தொடாதே, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். சட்டம் இடம் கொடுத்து, நீயே முறையாகக் கற்றுக்கொண்டு, பொறுமையாக நிரப்பினால் செலவு குறையும்தான். அதிலே விலை கூடிய பாகம் பித்தளைக் கூடு, அது திரும்பத் திரும்ப உதவும். ரிவால்வர் கூடுகளை எங்கும் வீசாமல் உள்ளேயே வைத்திருப்பதால் பொறுக்கக் குனியவும் வேண்டாம். ஆனால் பேச்சு கொடுத்துக்கொண்டே சமைப்பவன் நீ. உனக்கு இது வேண்டாம்.

காலிக் கூடு என்றதும் நினைவுக்கு வருகிறது. நான்கு வருடமாக என் குண்டுகள் கீழே இடதுபக்கமே விழுந்துகொண்டிருந்தன. நிறையச் சுட்டால் சரியாகிவிடும் என்று நானும் உன்னைப் போல வாங்கிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் சுடுதளத்தில் ஒரு பெரியவர் என் ரிவால்வரை வாங்கி, மூன்று தோட்டாவும் மூன்று காலிக் கூடும் கலந்து போட்டு, எது எங்கே என்று எனக்குத் தெரியாமல் மூடிக் கொடுத்தார். இரண்டாவது இழுப்பில் காலி வந்தது. வெடிக்கவே இல்லை, ஆனாலும் குழல் முனை ஒரு விரற்கடை கீழே குத்தியது. வெடிக்கப் போகிறதே என்று கை முன்கூட்டியே பயந்து அழுத்தியிருக்கிறது. நான்கு வருடத் தோட்டாக் காசில் பயப்படத்தான் நன்றாகப் பழகியிருக்கிறேன்! அன்றிலிருந்து எந்த நாளும் ஆறில் மூன்று காலிதான். செலவு பாதி, பலன் இரட்டிப்பு.

வீட்டிலும் பழகு. தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டியிருக்கட்டும்; சிலிண்டரைக் கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பார்; ஸ்னாப் கேப் என்ற போலித் தோட்டாக்களைப் போட்டுக் கனமான சுவர் பக்கம் குறிவைத்து, குழல் முனையில் இருக்கும் முன்குறி அசையாமல் விசையை இழு. தினம் பத்து நிமிடம், காசு கிடையாது. .22 ரிவால்வர் ஏதாவது கைக்கு வந்தால் அதை மட்டும் இப்படி வெறுமனே தட்டாதே. தோட்டாவைத் தட்டும் ஊசி அறையின் விளிம்பில் அடித்துப் பள்ளமாக்கிவிடும்.

புதுக் கண் தூரத்தைப் பளிச்சென்று காட்டுகிறது, முன்குறி மட்டும் பஞ்சு போலத் தெரிகிறது. கை நீட்டும் தூரத்துக்கு ஒரு கண்ணாடி செய்யச் சொல்லியிருக்கிறேன். அது வந்ததும் உன் பக்கம் வருகிறேன். ஒரு பெட்டி வாட்கட்டர் எடுத்து வை, காலிக் கூடுகளையும் தூக்கிப் போடாதே. உன் சிலிண்டரை நான் நிரப்பிக் கொடுக்கிறேன், என்னுடையதை நீ நிரப்பு. தோற்பவன் சாப்பாட்டுச் செலவு. போன தடவை யார் கொடுத்தது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய்.

அன்புடன்,
உன் பழைய ஒற்றைக்கண்ணன்