மெட்ராஸ் டெரஸின் மேல் மாடித்தளமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜார்ஜ் டவுனின் பழைய வணிகக் கட்டடங்களில், மொட்டை மாடியைச் சிற்றுண்டிக் கூடமாக்கும் எண்ணம் உரிமையாளர்கள் சிலரிடம் தலையெடுத்திருக்கிறது. எங்கள் தெருவிலேயே நூறாண்டு கடந்த ஒரு கட்டடத்தின் மேல் மரப்பலகைத் தளம் போட்டு, மேசை நாற்காலிகளும் செடித்தொட்டிகளும் வைக்கப்போவதாகப் பேச்சு நடக்கிறது. இதை நான் எதிர்க்கவில்லை. 2019-இல் மண்ணடிக்கு மெட்ரோ ரயில் வந்துவிட்டது. ஷட்டர் இறங்கியதும் ஆளரவம் அடங்கிவிடும் லிங்கிச் செட்டித் தெருவிலும் தம்புச் செட்டித் தெருவிலும் மாலையில் நான்கு பேர் நடமாடி, அந்த வருமானத்தில் கட்டடமும் பிழைத்தால் நல்லதுதான். ஆனால், அந்தத் தளம் எதன் மீது உட்காரப்போகிறது என்பதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இக்கட்டடங்கள் பலவற்றின் கூரை மெட்ராஸ் டெரஸ் வகையைச் சேர்ந்தது. சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரங்களை நெருக்கமாகப் பதித்து, ஆறங்குல நீளமும் மூன்றங்குல அகலமும் ஓரங்குலக் கனமும் உள்ள சிறு செங்கற்களை அவற்றின் மேல் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டமாக, படுக்க வைக்காமல் ஓரத்தில் நிறுத்தி அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டையான ஓடான தட்டோடு பதித்து முடிப்பார்கள். கம்பியே இல்லாத இந்தக் கூரை இத்தனை காலம் தாங்குவதற்குக் காரணம், மேலே பாரம் குறைவு என்பதும், இறங்கிய ஈரம் சுண்ணாம்பின் வழியாகவே உலர்ந்து வெளியேறிவிடும் என்பதும்தான். ஆட்கள் ஏறிப்போகும் சாதாரண மாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பாரம் எனக் கணக்கிடச் சொல்லும் ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதி, நிலையான இருக்கைகள் இல்லாமல் கூட்டம் கூடும் இடத்துக்கு ஏறக்குறைய 500 கிலோ என்கிறது. ஓரடி ஆழத் தொட்டியில் நனைந்த மண் மட்டுமே சதுர மீட்டருக்கு அந்த 500 கிலோவை எட்டிவிடும்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த கிளியரிங் அலுவலகம் இப்படியொரு கூரையின் கீழ்தான் இருந்தது. ஒழுகலை நிறுத்துவதற்காகக் கட்டட உரிமையாளர் தட்டோட்டின் மேல் சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டினார். இரண்டு மழைக்காலம் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. மூன்றாம் ஆண்டு, உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் சுண்ணாம்பு பொரிந்து, தவிட்டு நிறத் தூள் கோப்புகளின் மேல் உதிரத் தொடங்கியது. ஸ்டூலில் ஏறி அலமாரிச் சாவியால் குத்திப் பார்த்தேன். டீயில் நனைத்த ரஸ்க்கில் இறங்குவதுபோல் பாதிச் சாவி உள்ளே போய்விட்டது. அதே உத்திரத்தின் நடுப்பகுதி இரும்புபோல் இருந்தது. மேலே போக வழியில்லாத ஈரம் முனையில் தேங்கி உளுத்துவிட்டது என்றார் வந்து பார்த்த கொத்தனார். நான்கு உத்திரங்களை மாற்ற வேண்டியதாயிற்று. அப்போது மாடியில் ஒரு நாற்காலிகூடக் கிடையாது.

ஆகவே மாடித்தளம் தட்டோட்டைத் தொடவே கூடாது. சுவர்களும் அடித்தளமும் தாங்குமா என்று பொறியாளரைக் கொண்டு உறுதி செய்த பிறகு, இரும்பு கர்டர்களைச் சுவருக்குச் சுவர் நிறுத்தி, அடியில் காற்றும் துடைப்பமும் புக ஓரடியாவது இடம் விட்டு, வேண்டாத நாளில் கழற்றிவிடும்படி பலகைகளைத் திருகாணியால் மட்டும் பொருத்த வேண்டும். தெருவில் நிற்பவர் கண்ணில் படாத அளவுக்குத் தளம் முகப்பிலிருந்து உள்ளே தள்ளியிருக்க வேண்டும். பாதுகாப்புக் கம்பி அந்தத் தளத்திலேயே நிற்க வேண்டுமே தவிர, சுதை வேலை செய்த பழைய கைப்பிடிச் சுவரைத் துளைக்கக் கூடாது. தளத்துக்கு மேற்கூரை போட்டால் காற்றில் என்ன ஆகும் என்று 2016 வர்தா புயலைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒற்றை மரப்படிக்கட்டு மட்டுமே உள்ள கட்டடத்தில் இரண்டாவது வழி இல்லாமல் அனுமதியே தரக் கூடாது.

அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிப்பது தொடர்பான வழக்கில் 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அடுத்து, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் (சி.எம்.டி.ஏ.) பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைந்தது. ஆனால் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இடம்பெறாத கட்டடங்களுக்கும் இதே கூரைதான். மெட்ராஸ் டெரஸ் மேல் எந்தத் தளம் போடுவதானாலும், உத்திர முனைகளைத் திறந்து பார்த்த பொறியாளரின் சான்று இல்லாமல் வரைபட அனுமதி தரக் கூடாது என்று விதி செய்ய வேண்டும். சேப்பாக்கம் ஹுமாயூன் மகாலைச் சுண்ணாம்புச் சாந்தில் சீரமைத்த பொதுப்பணித் துறை, அந்தக் கைப்பழக்கம் உள்ள கொத்தனார்களைத் தனியார் உரிமையாளர்களும் அணுக வழி செய்தால் பேருதவியாக இருக்கும்.

எங்கள் தெருக் கட்டடத்தின் உரிமையாளர் இக்கடிதத்தைப் படிக்க நேர்ந்தால், பலகைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், மேல்மாடி உத்திரங்களில் நான்கின் முனைகளையாவது திறந்து பார்க்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மண்ணடி வாசகர்,
சென்னை - 1