நீச்சல் குளத்துப் பம்ப் சத்தம்: இன்று பார்த்தது

அனைவருக்கும் வணக்கம். நான்கு நாளாக பி பிளாக் தரைத்தளத்தில் தூக்கமே இல்லை என்று சொல்லியிருந்தீர்கள். இன்று காலை பிளம்பரோடு நின்று பார்த்தோம்.

டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம். அப்படிக் கேட்டால் பெரும்பாலும் பம்புக்குப் போதுமான தண்ணீர் வரவில்லை என்றுதான் அர்த்தம். குளத்தில் தண்ணீர், மிதக்கும் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மர் வாயின் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. பம்ப் கூடையைத் திறந்தால் வேப்பிலையும் தலைமுடியும் கட்டியாக அடைத்திருந்தன. சுத்தம் செய்து, தண்ணீர் நிரப்பிய பிறகும் கூடையின் கண்ணாடி மூடிக்குள் குமிழி நிற்கவில்லை. மூடியைச் சுற்றி மெதுவாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒரே ஒரு இடத்தில் ஊற்றும்போது மட்டும் குமிழி நின்றது. அங்கே ஓ-ரிங்கில் (மூடியின் ரப்பர் வளையம்) விரிசல், அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போயிருக்கிறது. புதிது போட்டு சிலிகான் கிரீஸ் தடவியாகிவிட்டது. கரகரப்பு போய்விட்டது.

ஆனால் மெல்லிய கீச்சொலி இன்னும் இருக்கிறது. சுவிட்சை அணைத்த பிறகும் மோட்டார் சுற்றி ஓயும்வரை கேட்கிறது. அது பேரிங் (மோட்டார் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பகுதி). பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே வெள்ளை உப்புக் கறை தெரிகிறது, சீல் (தண்ணீர் மோட்டார் பக்கம் போகாமல் தடுக்கும் அடைப்பு) கசிந்திருக்கிறது. பேரிங்கை மட்டும் மாற்றினால் புதிதும் சீக்கிரம் போய்விடும், அதனால் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை வேலை நடக்கும், அன்று குளம் மூடியிருக்கும்.

அதுவரை இரவு 9 மணிக்கு மேல் பம்ப் ஓடாது. கண்ணாடி மூடிக்குள் தண்ணீர் தெரியாமல் பம்ப் ஓடுவதைப் பார்த்தால், எந்த நேரமானாலும் காவலாளியிடம் சொல்லி உடனே நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் சீல் கருகிவிடும். நீங்களே மூடியைத் திறக்க வேண்டாம்.