பலகையில் இன்னும் ஒரு வரி எழுதுங்கள்

நெடுஞ்சாலையில் எந்த இடத்தில் எந்தப் பலகை வைப்பது என்று முடிவு செய்கிற அதிகாரிகளுக்கு, வணக்கம்.

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு வருஷத்துக்கு நான்கைந்து தடவை கார் ஓட்டிப் போகிறவன் நான். ஒரு வழிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். தீபாவளி, பொங்கல், பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில், அப்புறம் எப்படியும் ஒரு கல்யாணம். செங்கல்பட்டில் தொடங்கி கயத்தாறு வரை உங்கள் பச்சைப் பலகைகள் எனக்கு மனப்பாடம். நேரே போகிற அம்புக்கு மேலே மதுரை என்றிருக்கும். இடது பக்கம் வளைகிற அம்புக்கு மேலே ஏதோ ஓர் ஊரின் பெயர் இருக்கும். அவ்வளவுதான். அந்த ஊரில் என்ன இருக்கிறது, எதற்காக ஒருவன் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும் என்று பலகை ஒரு வார்த்தை சொல்லாது. நூறில் போகிறவனுக்கு யோசிக்கக் கிடைப்பது மூன்று நான்கு விநாடி. அதற்குள் ஊர் பின்னால் போய்விடும்.

பைபாஸைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கடைவீதி நடுவே லாரியும் பஸ்ஸும் முட்டிக்கொண்டு நின்ற காலம் எனக்கு நினைவிருக்கிறது. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அந்தச் சாலையைக் கடந்த பிள்ளைகளின் அம்மாக்களைக் கேட்டால் பைபாஸுக்குக் கற்பூரம் காட்டுவார்கள். சாலை ஊருக்கு வெளியே போனது சரி. ஊரைப் பற்றிய சேதியும் கூடவே வெளியே போய்விட்டதே, அதுதான் என் குறை.

எனக்கே இது தற்செயலாகத்தான் உறைத்தது. ஒரு தடவை கோவில்பட்டிக்கு முன்னால் ஏதோ விபத்து என்று வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. வேறு வழியில்லாமல் ஊருக்குள் திரும்பினோம். வெயில். பையனுக்குப் பசி. கடலைமிட்டாய் வாங்கலாம் என்று ஒரு சின்னக் கடையில் நிறுத்தினேன். பின்கட்டிலேயே பட்டறை. தோல் நீக்கி உடைத்த வறுத்த கடலையை வெல்லப்பாகில் கொட்டிக் கிளறி, தட்டில் பரப்பி, கட்டையால் உருட்டிச் சமமாக்கி, சூடு ஆறுவதற்குள் ஒருவர் கத்தியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அளவுகோல் எதுவும் கிடையாது. கோடு மட்டும் நூல் பிடித்த மாதிரி. தட்டின் ஓரத்தில் உடைந்த துண்டு ஒன்றை எடுத்துப் பையன் கையில் வைத்தார். சூடாகக் கடலைமிட்டாய் தின்றிருக்கிறீர்களா? பல்லில் ஒட்டாது, மெத்தென்று இருக்கும், கடலை வாசனை மூக்கு வரை ஏறும். பொட்டலம் போட்டு ஊர் ஊராக வருவது அதன் ஆறிப்போன தம்பி. 2020இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பேப்பரில் படித்திருந்தேன். படித்துவிட்டு அதன்பிறகும் பல தடவை அந்த ஊரைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

காசு கொடுக்கும்போது கடைக்கார அண்ணாச்சி, "கழுகுமலை பாத்தாச்சா?" என்றார். இல்லை என்றேன். "இங்கனதான், இருபது கிலோமீட்டரு. இவ்வளவு தூரம் வந்துட்டு வெட்டுவான் கோவில் பாக்காமலா போறிய?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். ஏதோ அவர் வீட்டுக்கு வந்துவிட்டுச் சாப்பிடாமல் கிளம்புகிற மாதிரி.

போனோம். மலைமேல் ஏறிக் கீழே எட்டிப் பார்த்தால் கோயில் ஒரு குழிக்குள் நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. ஒரே பாறையைச் சுற்றிலும் வெட்டி விலக்கி, உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். விமானம் முடிந்துவிட்டது, கீழ்ப்பகுதி முடியவில்லை. ஏன் நிறுத்தினார்களோ, உளி வைத்தவர்கள் அப்படியே போய்விட்டார்கள். விமானத்தில் தட்சிணாமூர்த்தி இருக்கிறார். வழக்கம்போல் ஞானம் போதிக்கவில்லை, மிருதங்கம் வாசிக்கிறார். என் பையன் அதைப் பார்த்துவிட்டு தண்ணீர் பாட்டிலில் தாளம் போட ஆரம்பித்தான். பக்கத்துப் பாறையில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள், அடியில் வட்டெழுத்து. ஊர் போய்ச் சேர அன்றைக்கு மூன்று மணி நேரம் தாமதம். அம்மா திட்டினாள். போகிற வழியில் இப்படி ஒன்று இருப்பது பதினான்கு வருஷமாகத் தெரியாமல் போயிற்றே என்ற வருத்தத்தில் அந்தத் திட்டு காதில் ஏறவில்லை.

அந்த அண்ணாச்சி செய்த வேலையைத்தான் பலகை செய்ய வேண்டும் என்கிறேன்.

இது நான் கண்டுபிடித்த யோசனையும் இல்லை. உங்கள் சாலையிலேயே, விராலிமலைப் பக்கம், நெடுஞ்சாலையிலிருந்து சற்றுத் தள்ளிக் கொடும்பாளூர் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும்போது, எதிரே வந்த மாங்காட்டு மறையவன் வழி சொல்கிறானே, அந்தக் கொடும்பை. அங்கே போனால் பாதை சிவனுடைய சூலம்போல மூன்றாகப் பிரியும் என்கிறான். அதோடு விடவில்லை. வலப்பக்கம் போனால் சிறுமலை, அங்கே என்னென்ன பழமரங்கள், வயலில் என்னென்ன பயிர்கள் என்று பட்டியல் போடுகிறான். இடப்பக்கம் போனால் திருமால் குன்றம், அதுதான் நம் அழகர்மலை, அங்கே மூன்று பொய்கைகள், எதில் நீராடினால் என்ன கிடைக்கும் என்கிறான். நடுவில் உள்ள பாதையில் வரக்கூடிய இடைஞ்சலையும் மறைக்காமல் சொல்கிறான். எனக்குத் தெரிந்து தமிழில் இதைவிட நல்ல பெயர்ப்பலகை கிடையாது. அப்பேர்ப்பட்ட கொடும்பாளூரில் இன்று மூவர் கோயில் என்று பெயர், நிற்பவை இரண்டுதான். மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். புல்தரையில் அந்த வெறும் அடித்தளத்தின் மேல் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறோம் (தொல்லியல் துறைக்காரர்கள் மன்னிக்க, அதற்கப்புறம் கீழேதான் உட்காருகிறோம்).

இந்த ஒரு சாலையிலேயே சொல்ல எத்தனையோ இருக்கிறது. மதுராந்தகம் ஏரியைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் கடக்கிறோம், ஏரி காத்த ராமர் கோயில் அங்கேதான் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ரஞ்சன்குடிக் கோட்டை சாலைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது, வயது சுமார் 12 கோடி ஆண்டு. விராலிமலையில் மயிலும், சுருட்டு படைக்கிற முருகனும். கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம்.

கேட்பது பெரிய செலவு இல்லை. சுற்றுலா இடங்களுக்கென்று பழுப்புப் பலகை உங்களிடம் ஏற்கெனவே உண்டு. ஆனால் அது பெரும்பாலும் ஏற்கெனவே பேர் பெற்ற இடத்துக்கே போய்ச் சேருகிறது. மாமல்லபுரத்துக்கு வழி தெரியாமல் யாரும் திண்டாடவில்லை. பைபாஸ் பிரிவதற்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், சின்ன ஊருக்கும் ஒன்று வையுங்கள். உள்ளே என்ன, எவ்வளவு தூரம், இந்த இரண்டும் போதும். முடிந்தால் இன்னொன்றும் சேருங்கள்: ஊருக்குள் போகிற பழைய சாலை மறுமுனையில் திரும்பவும் நெடுஞ்சாலையில் சேர்கிறதா, எத்தனை கிலோமீட்டரில்? காரோட்டிகள் ஊருக்குள் திரும்பப் பயப்படுவதே இதனால்தான். உள்ளே போனால் எங்கே கொண்டுபோய் விடுமோ, யூ-டர்ன் எத்தனை மைலில் வருமோ என்று யோசித்துக்கொண்டே நேரே போய்விடுகிறோம். போய், பைபாஸ் ஓரத்தில் ஏதோ ஒரு பெரிய ஓட்டலில் டோக்கன் வாங்கி நின்று, ஆறிப்போன தோசையை ஊருக்கு ஊர் ஒரே மாதிரித் தின்கிறோம்.

செல்போன் மேப்பில்தான் எல்லாம் இருக்கிறதே என்று உங்களில் ஒருவர் சொல்லக்கூடும். இருக்கிறது. தேடுவதற்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டுமே. கழுகுமலை என்று அன்றுவரை நான் எதற்காகத் தட்டப் போகிறேன்? மேப்பிடம் திருநெல்வேலி என்று கேட்டால் திருநெல்வேலிக்குத்தான் கூட்டிப்போகும், சீக்கிரமாக.

ஒரு விஷயத்தில் பலகை மட்டும் போதாது, அதை ஒத்துக்கொள்கிறேன். வண்டியை நிறுத்த ஓர் இடமும், பெண்கள் தயங்காமல் போகக்கூடிய ஒரு சுத்தமான கழிப்பறையும் இல்லாமல் எந்த ஊரிலும் குடும்பத்தோடு இறங்க முடியாது. என் மனைவி ஊர்களுக்கு மார்க் போடுவதே இதை வைத்துத்தான், அவள் கணக்கில் நிறைய ஊர்கள் ஃபெயில். அது உங்கள் வேலை இல்லை, அந்தந்த ஊராட்சி, நகராட்சியின் வேலை. ஆனால் கழிப்பறை இருக்கிற ஊர்ப் பலகையில் அந்தப் படத்தையும் போடுவோம் என்று நீங்கள் ஓர் அறிவிப்பு விட்டுப் பாருங்கள். பக்கத்து ஊருக்கு இருக்கிறது, நமக்கு இல்லை என்றால் கவுன்சிலரைச் சும்மா விடமாட்டார்கள்.

வாசகம் எழுத ஆள் வேண்டுமென்றால் அந்தந்த ஊர்க்காரர்களையே கேளுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: ஒரு வரிதான் என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். சாத்தூர்க்காரரிடம் காராச்சேவு பற்றி எழுதச் சொன்னால், வெள்ளரிக்காயையும் விட மனசு வராமல், பலகை விருதுநகர் வரை நீண்டுவிடும்.

இப்படிக்கு,
வருகிற பொங்கலுக்கும் அதே வழியில் வரவிருக்கும் ஒரு காரோட்டி