அந்தப் பாடத்தை நானும் தாண்டியிருக்கிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளியில் பாலியல் கல்வி வேண்டுமா, வேண்டாமா என்று வாசகர்கள் எழுதிவருவதைப் படிக்கிறேன். ஏதோ புதிதாகக் கொண்டுவரப் போவது மாதிரி பேசுகிறார்கள். எட்டாம் வகுப்பு அறிவியலில் ‘வளரிளம் பருவமடைதல்’ என்றே ஒரு பாடம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம். நான் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மகரந்தச் சேர்க்கை என்றால் செம்பருத்தியைப் பிய்த்துக் காட்டி இரண்டு பீரியடு நடத்துவேன். மனித உடம்பு வந்ததும், “இதை வீட்டுல வாசிச்சுக்கோங்க” என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். கடைசி பெஞ்சில் ஒரு சிரிப்பு எழும். அதற்குப் பயம்.

வீட்டில் மட்டும் என்ன? பெண் பெரிய மனுஷியானால் ஊர் முக்கில் ஃபிளெக்ஸ், மைக் செட், தாய்மாமன் சீர், உளுந்தங்களி. தம்பிக்காரன் “அக்காவுக்கு என்னாச்சு?” என்று கேட்டால், “போலே அங்கிட்டு!” பீடி சுற்றிக்கொண்டே ஆச்சிமார் பேசுவதைக் கேட்டுப் பெண்பிள்ளைகளாவது அரைகுறையாகத் தெரிந்துகொள்வார்கள். பையன்களுக்கு செல்போன்தான் வாத்தியார்.

ஒருத்தி “வேண்டாம்” என்றால் அதோடு விட்டுவிட வேண்டும் என்று பையன்களுக்கு யார் சொல்லித் தந்தோம்? ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் காம்பஸ் முனையால் கையில் ஒரு பெண்ணின் முதல் எழுத்தைக் கீறிக்கொண்டு வந்தான். மருந்து போட்டு, திட்டி அனுப்பினேன். அப்புறம் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, “நீ ஏன்ட்டி அவனப் பாத்துச் சிரிச்ச?” என்று கேட்டேன். இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது.

18 வயது நிறையாத பெண்ணின் சம்மதம் சட்டத்தின் முன் சம்மதமே ஆகாது. 2012-ல் வந்த போக்சோ சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இதைப் பிள்ளைகள் வகுப்பில் அல்ல, போலீஸ் ஸ்டேஷனில் தெரிந்துகொள்கிறார்கள்.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் பக்கம் வகுப்பில் காதல் என்று ஒரு வார்த்தை சொன்னால், சாயங்காலமே சாதி கிளம்பிப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிடும்.

சின்னதாக ஒன்று செய்யலாம். கிராம சுகாதார செவிலியர் நாப்கின் கொடுத்துப் பேச வரும்போது பையன்களை கிரவுண்டுக்கு விரட்டாமல் அவர்களையும் உட்கார வைக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரிடம் முன்னாடியே சொல்லிவிட வேண்டும். அந்தப் பாடத்தைத் தாண்டாமல் நடத்துகிற டீச்சருக்குத் தலைமையாசிரியர் துணை நிற்க வேண்டும், முக்கியமாகப் புகார் வருகிற அன்றைக்கு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்