மிச்சமானது யாருடைய காகிதம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'மின்-அறிக்கைக்கு மாறுங்கள், மரங்களைக் காப்போம்' என்று என் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. மாறினேன். அடுத்த வாரமே மகனின் வீட்டுக் கடனுக்கு ஜாமீன் போடப் போனால், அதே வங்கியின் இன்னொரு கிளையில் ஆறு மாத ஸ்டேட்மென்ட்டைப் பிரிண்ட் எடுத்து வரச் சொன்னார்கள். தக்கலையில் கம்ப்யூட்டர் கடைப் பெண், "சார், பதினாலு பக்கம் வருது. ரெண்டு பக்கமும் அடிக்கட்டா?" என்று பொறுப்பாகக் கேட்டாள். அடித்துக்கொண்டு போனேன். ஒரு பக்கம் மட்டும் அடித்தால்தான் சீல் வைப்பார்களாம். ஆக, 7 தாளும் 14 தாளும் 21 தாள். வங்கியின் செலவுக் கணக்கில் இருந்த காகிதம் என் செலவுக் கணக்குக்கு வந்திருக்கிறது. மரத்துக்கு ஒரு லாபமும் இல்லை.

டிஜிட்டலில் வங்கிக்கு லாபம் இல்லாமலில்லை. 2020 ஜனவரி முதல் யூபிஐ வழியாகப் பணம் வாங்கும் கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பதால் அவரிடமிருந்து நேரடி வரவு கிடையாது. ஆனால் கவுன்டர் வேலை குறைகிறது, குறைந்த வட்டிக்குச் சேமிப்புக் கணக்கில் பணம் கிடக்கிறது. இதில் எனக்குப் பொறாமை இல்லை. அந்தச் சிக்கனத்துக்குப் பச்சைச் சாயம் பூசுவதுதான் உறுத்துகிறது.

பங்குச் சந்தையில் சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 முதல் சுற்றுச்சூழல் விவரங்களை அறிக்கையாகத் தர வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் விதி. பெரிய வங்கிகளும் அதில் அடக்கம். மின்சாரம், தண்ணீர், கழிவு எல்லாம் எழுதுகிறார்கள். ஆனால் வங்கியின் புகை அதன் ஏசியிலிருந்தா வருகிறது? அது கடன் கொடுத்த இடத்திலிருந்து அல்லவா வருகிறது! அந்தக் கணக்கைக் காட்டுவது செபி படிவத்தில் கட்டாயமில்லை. பருவநிலை அபாயங்களை வங்கிகள் வெளிப்படுத்துவது பற்றி ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் வரைவு ஒன்றை வெளியிட்டது.

நம் மாவட்டத்துக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது என் தோட்டத்தில் நாற்பது ரப்பர் மரங்கள் ஒரே இரவில் சாய்ந்தன. புதுக் கன்று வைத்துப் பால் வெட்ட ஏழு வருடம். அதுவரை என் கடன் தவணை இழுத்துக்கொண்டே போனது. காற்று முறித்த மரம் வங்கி ஏட்டில் நிலுவையாக ஏறியது. சுற்றுச்சூழல் கணக்கும் லாபக் கணக்கும் அன்றைக்கே ஒன்றாகிவிட்டன. அறிக்கையில்தான் இன்னும் தனித்தனி அத்தியாயம்.

கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கடனுக்கும் நோக்கம் பதிவாகியிருக்கிறது. பழைய பேரேட்டில் தேடியெடுக்க மாதக்கணக்காகும். இப்போது சில நிமிட வேலை. எனவே மாவட்டத்தின் வருடாந்திரக் கடன் திட்டத்தில் ஒரு பத்தி கூட்டட்டும்: கல்குவாரிக்கு எவ்வளவு, பாரம் ஏற்றும் பெரிய டாரஸ் லாரிக்கு எவ்வளவு, கூரைமேல் சூரியத் தகட்டுக்கு எவ்வளவு, குளம் தூர்ந்த ஊர்களில் வாழைக்கு எவ்வளவு. ஆட்சியர் தலைமையில் வங்கியாளர் கூட்டம் நடக்கும்போது அந்தப் பத்தியைத் தமிழில் வாசிக்கட்டும். அதற்குத் தாள் வேண்டுமென்றால் என் செலவிலேயே வாங்கித் தருகிறேன், ஒரு பக்கம் மட்டும் அடித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்,
திருவட்டாறு, கன்னியாகுமரி மாவட்டம்.