இரும்பு இசையும் என் இடது கையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வாசகர் பக்கத்தில் வந்த ஒரு கடிதத்துக்காக இதை எழுதுகிறேன். தோட்டப்புறப் பையன்கள் ஹெவி மெட்டல் (கிட்டாரும் டிரம்ஸும் அதிரும் ராக் இசை) என்று சொல்லிக்கொண்டு கத்துகிறார்கள், அது சாத்தான் சங்கீதம், பெற்றோர் தடுக்க வேண்டும் என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். அவருடைய அக்கறையை மதிக்கிறேன். பிள்ளைகள் வழிதவறிப் போனதை நானும் மலேசியாவில் இந்தச் சுங்கை சிப்புட்டில் நிறையப் பார்த்தவன். ஆனால் அதே இசை எனக்குச் செய்த நன்மையைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி மறந்தவன் ஆவேன்.

எனக்கு 62 வயது. ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். இளம் வயதில் எங்கள் தோட்ட இசைக்குழுவில் நான்தான் கிட்டார். மாரியம்மன் திருவிழா, கல்யாணம், தீபாவளிக் கலைநிகழ்ச்சி எதுவானாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். பகலில் ரப்பர் ஆலை வேலை. உறைந்த பாலை ரோலரில் விட்டு சீட்டாக எடுக்க வேண்டும். 1987-இல் ஒரு நாள் காலை, பெரட்டு (காலை ஆள்கணக்கு) முடிந்து வேலை தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ரோலர் என் இடது கையைப் பிடித்துக்கொண்டது. நடுவிரலும் மோதிர விரலும் முதல் கணுவோடு போயின. எந்தத் தோட்டம் என்று சொல்ல விரும்பவில்லை. சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிப் பணம் கொஞ்சம் வந்தது. ஆலையிலேயே வேறு வேலை கொடுத்தார்கள். கிட்டாரை ஒரு பழைய கைலியில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்தேன். 35 வருடம் அது அங்கேயே இருந்தது.

2022 தீபாவளிக்குப் பினாங்கிலிருந்து என் தங்கச்சி மகன் வந்திருந்தான். "மாமா, இந்த ஒரு பாட்டை மட்டும் கேளுங்க" என்று கைப்பேசியை என் காதில் வைத்தான். மெகாடெத் என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டு. அந்த வருடம் ஜூன் மாதம் வெளிவந்தது. தலைப்புக்கு 'திரும்பி வருவோம்' என்று பொருள். உண்மையைச் சொல்கிறேன், முதல் முறை எனக்கு எதுவும் பிடிபடவில்லை. அவ்வளவு வேகம். ஆலையில் எல்லா மிஷினும் ஒரே நேரத்தில் ஓடுவதுபோல் இருந்தது. அப்புறம் அவன் பாடியவரைப் பற்றிச் சொன்னான்.

டேவ் மஸ்டெய்ன். பாடுவதும் அவர்தான், கிட்டாரும் அவர்தான். 2002-இல் இடது கையை நாற்காலி மேல் போட்டபடி தூங்கிவிட்டார். கை நரம்பு நசுங்கிப் போனது. விரல்களை அசைக்க முடியவில்லை. குழுவையே கலைத்துவிட்டார். அதன் பிறகு மாதக்கணக்கில் பயிற்சி செய்து, கிட்டாரை அரிச்சுவடியிலிருந்து மறுபடி கற்று, 2004-இல் புதிய ஆல்பத்தோடு வந்தார். 2019-இல் தொண்டையில் புற்றுநோய். பாடுகிறவனுக்குத் தொண்டையில்! கதிர்வீச்சும் கீமோவும் முடிந்து எழுந்து வந்து பாடிய பாட்டுதான் அன்று என் காதில் ஓடியது. 2016-க்குப் பிறகு அவர்கள் வெளியிட்ட முதல் புதிய ஆல்பத்திலிருந்து முதலில் வெளியான பாட்டும் அதுதான். இன்னொரு தடவை போடச் சொன்னேன். இந்த முறை குரலை மட்டும் கவனித்தேன். அந்தத் தொண்டை பட்ட பாட்டை நினைத்தேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாத்தான் சங்கீதம் என்று எழுதிய அன்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த மஸ்டெய்ன் தன்னைக் கிறிஸ்துவ விசுவாசி என்று வெளிப்படையாகச் சொல்கிறவர்.

அதற்குப் பிறகு நானே தேடித் தேடிப் படித்தேன். அப்படித்தான் டோனி அயோமி என்ற பெயர் கிடைத்தது. இங்கிலாந்து பர்மிங்ஹாம் நகரத்தில் தகரத் தகடு ஆலையில் வேலை செய்த பையன். 17 வயது. ஆலையில் அவனுக்கு அதுதான் கடைசி நாள். தகடு அழுத்தும் மிஷின் அவனுடைய வலது கையில் இரண்டு விரல் நுனிகளைக் கொண்டுபோய்விட்டது. நடுவிரலும் மோதிர விரலும். இடது கைக்காரன் என்பதால் தந்தியை அழுத்த வேண்டியது அந்த விரல்கள்தான். இதைப் படித்தபோது மணி இரவு பதினொன்று இருக்கும். என் கையை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதே இரண்டு விரல்கள்.

அவன் விடவில்லை. பாத்திரம் கழுவும் சோப்பு போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தான். அதன் மேல் தோல் ஒட்டினான். தந்தி கனமாக இருந்தால் விரல் வலிக்கும் என்று மெல்லிய தந்தி கட்டினான். பிறகு தந்திகளையே தளர்த்திச் சுருதியை இறக்கினான். அவன் சேர்ந்த குழு பிளாக் சபாத். 1970-இல் அவர்கள் போட்ட முதல் ஆல்பத்திலிருந்துதான் ஹெவி மெட்டல் தொடங்குகிறது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கனத்த ஓசையில் ஒரு பங்கு, காயம்பட்ட விரலுக்கு வலி குறையட்டும் என்று ஓர் ஆலைத் தொழிலாளி தந்தியைத் தளர்த்தியதால் வந்தது. இதை நம் பிள்ளைகளின் இசை இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆலையும் மிஷினும் போன விரலும் நமக்குத் தெரியாத விஷயமா?

நானும் செய்தேன். எங்கள் வீட்டு சோப்பு போத்தல், என் மனைவியின் பழைய கைப்பையில் வெட்டிய தோல். மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. கிட்டாரை இறக்கி மெல்லிய தந்தி மாட்டினேன். ஒரு சுருதி சுத்தமாக ஒலிக்க இரண்டு மாதம் ஆனது. அன்று என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவருமே பேசவில்லை.

இப்போது எங்கள் தாமானில் (குடியிருப்பில்) நாலு பையன்கள் மெட்டல் வாசிக்கிறார்கள். ஒருவன் வெல்டிங் பட்டறையில் வேலை, ஒருவன் செம்பனை ஆலையில், மற்ற இருவர் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடித்தவர்கள். கோவிட் காலத்தில் பிரிந்துபோன குழு இது, டிரம்ஸைக்கூட விற்றுவிட்டார்கள். போன வருடம் பணம் சேர்த்து இன்னொரு டிரம்ஸ் வாங்கினார்கள். தமிழிலேயே ஒரு பாட்டு எழுதியிருக்கிறார்கள், தோட்டம் விற்றுப்போய் லயத்தைக் காலி செய்த குடும்பத்தைப் பற்றி. பாலாய் ராயா என்ற பொது மண்டபத்தில் பயிற்சி செய்ய இடம் கேட்டார்கள். சத்தம், முடி, கறுப்புச் சட்டை என்று மூன்று காரணம் சொல்லி மண்டபப் பொறுப்பில் இருப்பவர்கள் மறுத்துவிட்டார்கள். சத்தம் என்பது நியாயமான காரணம், அதற்கு நேரம் வகுத்துக்கொள்ளலாம். முடியும் சட்டையும் ஒரு காரணமா? 1992-இல் நீளமுடி வைத்த ராக் பாடகர்களை அரசாங்கத் தொலைக்காட்சியான ஆர்.டி.எம். திரையில் விடாத நாடுதான் இது. அதே நாட்டில், 2013-இல் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் மெட்டாலிகா என்ற பெரிய மெட்டல் குழு வாசித்தது. நாடே மாறிவிட்டது, நம் மண்டபங்களும் கொஞ்சம் மாறட்டும்.

நான் கேட்பது வாரத்தில் இரண்டு மணி நேரம். சனிக்கிழமை நான்கு முதல் ஆறு வரை. பொறுப்புக்கு நான் கூட இருக்கிறேன், கதவைப் பூட்டிச் சாவியையும் நானே கொண்டுவந்து கொடுக்கிறேன். அதுவரை பையன்கள் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில்தான் வாசிப்பார்கள். மழை வந்தால் கூரைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, நிறுத்திவிடுவோம்.

கடிதம் எழுதிய அன்பர் சுங்கை சிப்புட் பக்கம் வந்தால் ஒரு சனிக்கிழமை அவசியம் வர வேண்டும். டீ போட்டுத் தருகிறோம். பையன்கள் எழுதிய பாட்டில் நடுவில் வரும் மெதுவான பகுதியை இப்போது நான் வாசிக்கிறேன். அதையும் அவர் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரப்பர் ஆலைத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்.