பாட்டியிடம் நீயே பேசு

கண்ணம்மாவுக்கு,

முதுகுவலி எப்படி இருக்கிறது? கனமான ஆட்களைக் கட்டிலிலிருந்து தனியாகத் தூக்காதே. துணைக்கு ஆள் வரும்வரை பொறுத்துக்கொள். அன்று போனில் பேசியதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. வேலை அதிகம், அதனால்தான் நீ கூப்பிடவில்லை என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜெர்மனியில் முதியோர் இல்லத்தில் நீ வேலைக்குச் சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் பேசியது உனக்கே தெரியும். இப்போது அவர்களுக்கு நானே விளக்குகிறேன். அங்கே 1995-லிருந்து பராமரிப்புக் காப்பீடு உண்டு, சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாலும் அதிலிருந்து பணம் வரும் என்று. ஜப்பானிலும் 2000-ல் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தார்களாம். 40 வயதானால் கட்ட வேண்டும்.

சித்தப்பா சட்டமெல்லாம் படித்துக் காட்டினார். பிள்ளை கவனிக்காவிட்டால் சிங்கப்பூரில் 1996-லிருந்தே பெற்றோர் முறையிடலாம். நம் நாட்டில் அந்தச் சட்டம் 2007-ல் வந்தது. சீனாவில் 2013 முதல், தள்ளி இருக்கும் பிள்ளைகள் அடிக்கடி வந்து பார்க்க வேண்டும் என்றே எழுதிவிட்டார்கள். எதற்கு இதையெல்லாம் என்னிடம் காட்டுகிறாய் என்று அவரிடம் சண்டை போட்டேன்.

எனக்குப் பிடித்தது வேறு. நெதர்லாந்தில் டெவன்டர் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் கல்லூரி மாணவர்களை வாடகை இல்லாமல் தங்க வைத்திருக்கிறார்கள். மாதம் 30 மணி நேரம் அங்கே இருக்கும் பெரியவர்களோடு நல்ல அண்டைவீட்டுக்காரராகப் பழக வேண்டும், அவ்வளவுதான். படித்ததும் நம் பாட்டி நினைவுதான் வந்தது.

பாட்டியை வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறோம் என்று ஊரெல்லாம் சொல்கிறோம். டாக்டரிடம் போனால் "தூங்குறாங்களா?" என்று என்னைக் கேட்கிறார், பாட்டி நடுவில் உட்கார்ந்திருக்கிறார். விருந்தாளிகள் சிரித்தால் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, எல்லோரும் சிரித்து முடித்த பிறகு தானும் சிரிக்கிறார். காது கேட்கவில்லை, ஆனால் கூட்டத்தில் இருக்க ஆசை.

நீயும்தான். போன முறை வீடியோவில் "பாட்டி சாப்பிட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டாய். அவர் என் பக்கத்திலேயே இருந்தார். அங்கே முன்பின் தெரியாத பாட்டிகளிடம் முழங்காலிட்டு, முகம் பார்த்துப் பேசுகிறவள் நீ. அதை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அதனால்தான் கேட்கிறேன்.

எனக்கும் வயது ஏறுகிறது. எங்கே இருப்பேன், யார் வீட்டில் என்பதெல்லாம் அப்புறம். நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே என்னைப் பற்றி இன்னொருவரிடம் கேட்பார்களே, அந்த நாளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

சரி, தனியாக யாரையும் தூக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. போனைப் பாட்டியிடமே கொடுக்கிறேன். இடது காதில்தான் வைப்பேன். கத்தாமல், மெதுவாகப் பேசு. பதில் வர நேரமாகும், அதற்குள் "சரி பாட்டி" என்று வைத்துவிடாதே. உன்னிடம் என்னவோ கேட்க வேண்டுமாம். என்னவென்று என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறார்.

அன்புடன்,
அம்மா